மரபணு மாற்று உணவும் ஆய்வகச் சோதனையும்: குமரி மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசேரி கனகமூலம் சந்தையில் ஒரே அளவாக, ஒரே நிறமாக அடுக்கி வைத்த பப்பாளியைப் பார்த்ததும் "இதெல்லாம் மரபணு மாத்துனது" என்று சொல்லிவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. அப்படி வரும் பழம் பல நேரம் ரெட் லேடியாக இருக்கும். அது தைவானில் உருவான வீரிய ஒட்டு ரகம், மரபணு மாற்றியது அல்ல. மரபணு மாற்றிய பப்பாளி 1998 முதல் ஹவாயில் விளைகிறது, ஆனால் இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை. திசு வளர்ப்புக் கன்றில் விளைந்த வாழை, விதையில்லாத தர்பூசணி, திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் தந்த டிபிஎஸ் நெல் ரகங்கள் எல்லாவற்றின்மேலும் இதே பழி விழுகிறது. திசு வளர்ப்பில் தாய் வாழையின் நகல்தான் கிடைக்கும், வேற்று மரபணு எதுவும் உள்ளே போவதில்லை.

இந்தியாவில் வணிகச் சாகுபடியில் உள்ள ஒரே மரபணு மாற்றுப் பயிர், 2002-இல் அனுமதி பெற்ற பிடி பருத்தி. பூச்சியை எதிர்க்க ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்ததைத்தான் பிடி என்கிறோம். பிடி கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு சம்மதித்தது. ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்ட பிறகு, 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். ஆனாலும் 2019-இல் ஹரியானாவில் அனுமதியில்லாத பிடி கத்தரி வயலிலேயே பிடிபட்டது. அதனால் மக்களின் சந்தேகத்தை வீண் பயம் என்று தள்ளுவதும் தவறுதான். சந்தேகத்தைச் சரியான பொருளின்மேல் வைக்க வேண்டும். மரபணு மாற்றுப் பயிர் நம் அடுக்களைக்குச் சட்டப்படி வரும் முக்கிய வழி பருத்திக்கொட்டை எண்ணெயும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் சோயா எண்ணெயும்.

அந்த எண்ணெயையே ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது அடுத்த தவறு. மரபணு மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை டிஎன்ஏவைத் தேடுகிறது. சுத்திகரித்த எண்ணெயில் சோதிக்கும் அளவுக்கு டிஎன்ஏ மிஞ்சாது. "கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வந்தால், எண்ணெய் எந்த விதையிலிருந்து வந்தது என்பதற்கு அது பதிலே அல்ல. சோயா உருண்டை, சோயா மாவு, மக்காச்சோளம் என்றால் சோதிக்கலாம். முதல்கட்டச் சோதனையில், மரபணு மாற்றிய பல பயிர்களில் செருகியிருக்கும் 35எஸ், நாஸ் என்ற இரண்டு டிஎன்ஏ அடையாளத் துண்டுகளைத் தேடுவார்கள். முட்டைக்கோசு, கடுகு வகைகளைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்ததுதான் 35எஸ். ஆகவே நோய் தாக்கிய காலிஃபிளவரும் "உண்டு" என்று காட்டக்கூடும். அந்த ஒரு வரியை வைத்து வியாபாரிமேல் பாயக் கூடாது. எந்த மாற்றம் என்று அடையாளம் காட்டும் அடுத்தகட்டச் சோதனை வேண்டும்.

தேங்காய் எண்ணெயில் கவலை வேறு. வணிகத்தில் மரபணு மாற்றிய தென்னையே கிடையாது. "ஜிஎம்ஓ இல்லை", அதாவது மரபணு மாற்றியதல்ல, என்ற லேபிளுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது பனைக்கொட்டை (நம்மூர்ப் பனை அல்ல, எண்ணெய்ப்பனையின் கொட்டை) எண்ணெய்க் கலப்படத்துக்கு. ஃபிரிட்ஜில் வைத்து, உறைந்தால் சுத்தம் என்று நம்பினால் ஏமாந்துபோவோம், பனைக்கொட்டை எண்ணெயும் உறையும். ஆய்வகத்தில் கொழுப்பமிலப் பகுப்பாய்வு கேளுங்கள். தேங்காய் எண்ணெயில் ஒலிக் அமிலம் 5 முதல் 10 சதவீதம், பனைக்கொட்டையில் 12 முதல் 19. லாரிக் அமிலம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அதை மட்டும் பார்த்துப் பயனில்லை.

எதற்குப் பயப்படுகிறோம் என்று தெளிவில்லாமல் சோதனைக்குக் கொடுப்பதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. ஏத்தன் வாழைக்குலையில் பூச்சிமருந்து இருக்குமோ என்ற பயத்தோடு போய் மரபணுச் சோதனை கேட்டால், "இல்லை" என்று வரும் தாள் பூச்சிமருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மரபணு மாறாதது என்பதாலேயே ஒன்று பத்திரமும் ஆகிவிடாது. மரச்சீனியில் (மரவள்ளிக் கிழங்கில்) இயற்கையாகவே சயனைடு உண்டாகிறது, கசப்பு ரகங்களில் அதிகம். அதைத் திறந்த பாத்திரத்தில் அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டித்தான் சாப்பிட வேண்டும்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் பிழையை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. தானியத்தில் ஒரு கைப்பிடி போதாது. மரபணு மாற்றிய மணி ஆயிரத்தில் ஒன்று கலந்திருந்தாலும் 95 சதவீத உறுதியோடு பிடிபட வேண்டுமென்றால் சுமார் 3,000 மணிகள் தேவை. நூற்றில் ஒன்று என்றால் 300 போதும். மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் எடுத்துக் கலந்து, புதுப் பையில் கட்டுங்கள். மில்லில் அரைத்துக் கொண்டுபோகாதீர்கள்; முன்னால் அரைத்த மக்காச்சோள மாவின் தூசியே பிசிஆர் முடிவைக் குழப்பப் போதும். பூச்சிமருந்துச் சோதனைக்குக் காய்கறியைக் கழுவவோ நறுக்கவோ கூடாது. தக்காளி, வெண்டை போன்றவை குறைந்தது ஒரு கிலோ. கால் கிலோவுக்கு மேல் எடையுள்ள காய் என்றால் ஐந்து காய்களாவது, மொத்தம் இரண்டு கிலோ.

பாதி தின்று மிச்சத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதும் வழக்கம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-இன்படி பொருளை வாங்கியவரே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வு கேட்கலாம். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். விதிமீறல் தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பில்லையும் கையோடு வாங்கி வையுங்கள். நமக்குப் பக்கத்து அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் பாளையங்கோட்டையில் இருக்கிறது. எந்தச் சோதனை அங்கே நடக்கும், எது நடக்காது என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

ஆப்பிளில் ஒட்டிய எண் 8-இல் தொடங்கினால் மரபணு மாற்றியது என்று பரவும் செய்தியை நம்ப வேண்டாம், கடைகளில் அப்படியொரு நடைமுறையே இல்லை.

2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு மரபணு திருத்த (நெல்லின் சொந்த மரபணுவையே திருத்திய) நெல் ரகங்களில் அயல் மரபணு கிடையாது. அதனால் 35எஸ், நாஸ் சோதனை அவற்றைக் காட்டாது. விதை யார் கையில் இருக்கும், லேபிளில் எழுத வேண்டுமா என்ற கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்கு ஆய்வகத் தாளில் பதில் தேடாமல், கிராம சபையிலும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கேளுங்கள்.