போர்ப் படத்தில் சிப்பாயாக நிற்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

1741-இல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சலில் டச்சுப் படை வந்து இறங்கியபோது, நம் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்துக் கரையில் வரிசையாக நின்றார்களாம். கப்பலில் இருந்தவர்கள் அதைத் துப்பாக்கிப் படை என்று நினைத்துவிட்டதாக எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. நிஜமோ கதையோ, கூட்டத்தில் நடிக்கப் போகிறவர் செய்யவேண்டியதும் இதுதான். தூரத்தில் படை மாதிரித் தெரிந்தால் போதும், முகம் தெரிய வேண்டியதில்லை.

புதுப் பையன்களுக்கு இது பிடிபடாது. ஹீரோவின் குதிரைப் பக்கமாக முண்டியடித்துப் போய் நிற்பார்கள். (குதிரைக்குப் பின்னால் நிற்பது தனி முட்டாள்தனம்.) கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு முறை பதிவாகிவிட்டால் நாள் முழுக்க அதே இடம்தான். பத்து டேக் என்றால் பத்து முறையும் ஓட வேண்டும். பின்வரிசைக்காரர் புகைக்குள் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார்.

அடுத்தது கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்த கோலம் அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருப்பது. இதில் நானே மாட்டியிருக்கிறேன். முட்டம் பாறைப் பக்கம் ஒரு படப்பிடிப்பு. மத்தியானம் மீன்குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கையோடு முகத்தையும் கழுவிவிட்டேன். காலையில் பூசிய ரத்தமும் சேறும் போய்விட்டன. வெட்டுப்பட்டுக் கிடந்தவன் குளித்து வந்த புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கிறேன்! அன்று வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. கையில் கட்டிய சாமிக்கயிறு, பச்சை குத்தியது, வாட்ச் கட்டிய தடம் எல்லாவற்றையும் காலையிலேயே காஸ்ட்யூமரிடம் காட்டிவிடுங்கள். வேட்டிக்குள் அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் கச்சம் அவிழும். ஒட்டுத்தாடியைப் பிய்த்து எடுக்காதீர்கள், எண்ணெய் தடவினால் மெல்ல வந்துவிடும்.

வாள் விஷயத்தில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். மரம், ஃபைபர், அலுமினியம் என்று எதையாவது கொடுப்பார்கள். டூப்ளிகேட்தானே என்று ஓங்கி வீசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கண் போய்விடும். ஒத்திகையில் ஃபைட்டர் 'மூணாவது வெட்டுக்கு விழு' என்றால் மூன்றாவதற்கு விழுந்துவிட வேண்டும். வீரம் பொங்கி நாலாவதற்கும் நிற்பவரால்தான் யாருக்காவது விரல் உடைகிறது. விழும் இடத்தில் கல் கிடக்கிறதா, பின்னால் ஓடி வருகிறவர்கள் மிதிப்பார்களா என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். செத்த பிறகு, எறும்பு கடித்தாலும் 'கட்' வரும்வரை அசையக் கூடாது.

அப்புறம் சம்பளம். மழையில் படப்பிடிப்பு பாதியில் நின்று பேக்கப் ஆனால் முழுச் சம்பளமா, பாதியா என்று வண்டியில் ஏறும் முன்பே ஏஜெண்டிடம் கேளுங்கள். நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. 'அதெல்லாம் பாத்துக்கிடலாம் மக்கா' என்று பதில் வந்தால், அன்றைக்கு வேறு வேலை ஏதாவது இருந்தால் அதற்கே போய்விடுங்கள்.