மலைப் பிள்ளைகளைக் கொழும்புத் தடாகத்துக்குத் தயார்ப்படுத்துவது எப்படி?

மலையகத்தில் நீச்சல் கழகம் நடத்துபவர்களுக்கும், பிள்ளையை அதில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். நான் கண்டியில் பயிற்றுவிக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் டவுன் பிள்ளைகள். மற்றவர்கள் கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவைப் பக்கத்திலிருந்து விடிய முன்னம் பஸ் ஏறி வருபவர்கள். கோடைப் போட்டிகள் நெருங்கினால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், இன்னும் எத்தனை சுற்று கூட்டணும்?"

சுற்றைக் கூட்டுவதால் மட்டும் காரியம் ஆகாது. நாங்கள் பழகுவது 25 மீற்றர் தடாகத்தில், குளிர்ந்த தண்ணீரில். பெரிய போட்டிக்குக் கொழும்பு சுகததாச தடாகத்தில் போய் இறங்கினால் 50 மீற்றர் நீளம், கதகதப்பான தண்ணீர், புழுக்கம், இரைச்சல், பாதி புரியாத அறிவிப்பு. ஊரில் இல்லாத இத்தனையையும் ஊரிலேயே பழக்கிவிட வேண்டும். மூன்று மாதம் கையில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

முதலில் கடதாசி வேலை

வயதுப் பிரிவுப் போட்டிக்குப் பிறந்த திகதியை நிரூபிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரிய தலையிடி இதுதான். தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் சான்றிதழ் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். அதில் பெயர் ஒரு மாதிரி, பாடசாலைப் பதிவில் இன்னொரு மாதிரி, அம்மா ஆங்கிலத்தில் எழுதித் தருவது மூன்றாவது மாதிரி. யோகேஸ்வரி ஓரிடத்தில் ஜோகேஸ்வரி ஆகியிருப்பாள். அப்பாவின் பெயர் ஒரு தாளில் முன்னால் இருக்கும், மறு தாளில் பின்னால் போயிருக்கும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் நாள் இதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. பருவம் தொடங்கும் வாரத்திலேயே ஒரு கொப்பி போட்டு, சான்றிதழில் உள்ளபடி ஒவ்வொரு பெயரையும் எழுதி, ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை முடிவு செய்து, எல்லாப் போட்டிக்கும் அதையே அனுப்புங்கள்.

செலவையும் அப்போதே மொத்தமாகச் சொல்லிவிடுங்கள். நுழைவுக் கட்டணம், பயணம், இரவு தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று தெரிந்தால் அம்மாமார் எப்படியாவது ஒதுக்கி வைப்பார்கள். சம்பள நாளுக்குப் பிறகு வாங்குங்கள். கடைசி நேரத்தில் துண்டு துண்டாகக் கேட்டால், காசு இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்வார்கள். நல்ல பிள்ளை ஒன்று அப்படி நின்றுபோவதைப் பார்க்க மனசு தாங்காது.

25இல் பழகி 50இல் நீந்துவது

100 மீற்றர் நீந்த 25 மீற்றர் தடாகத்தில் மூன்று திருப்பம். 50இல் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துப் பாயும்போது பிள்ளைக்கு வேகம் சும்மா கிடைக்கிறது, கைக்கும் ஒரு கணம் ஓய்வு. நீளத் தடாகத்தில் அது இல்லை. 30 மீற்றர் தாண்டியதும் தோள் கனக்கும், கைவீச்சு குட்டையாகும், சுவர் எங்கே என்று தேடித் தலை மேலே வரும். தலை உயர்ந்தால் இடுப்பு தாழும், அப்புறம் இழுக்கிற இழுப்பெல்லாம் வீண்.

இதற்கு நான் கொடுப்பது சுவர் இல்லாத திருப்பம். பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது) நீந்துபவர்களுக்கான கொடிகள் தடாகத்துக்கு மேலே குறுக்காக, சுவரிலிருந்து 5 மீற்றரில் கட்டியிருக்கும். பிள்ளை கொடிக்குக் கீழே வந்ததும் சுவரைத் தொடாமல் தண்ணீரிலேயே திரும்பி, மறுபடி நீந்தவேண்டும். உதைக்க ஒன்றும் இல்லை. முதல் இரண்டு மூன்று வீச்சுக்கு ஆள் அசையாததுபோல் இருக்கும். பிறகு கால் வேகமாக அடித்து, கை தண்ணீரைப் பிடித்து, உடம்பு மெல்ல மெல்ல மேலே வந்து ஓட்டம் எடுக்கும். பயிற்சி முழுக்க அந்த இரண்டு மூன்று வீச்சில்தான் இருக்கிறது. கரையில் நேரே மேலே நின்று பாருங்கள். விரல் நுனி கீழே பார்த்து, முழங்கை உயர்ந்து, முன்கை முழுவதும் பின்னால் தள்ளினால் சரி. முழங்கை முதலில் விழுந்து கை வழுக்கிக்கொண்டு போனால் உடனே நிறுத்தி ஓய்வு கொடுங்கள். களைப்பில் பழகிய கெட்ட வீச்சு போட்டியில் அப்படியே வந்து நிற்கும்.

பெரிய பிள்ளைகளுக்கு எட்டுத் தடவை 100 மீற்றர், நடுவில் 20 விநாடி ஓய்வு, வாரத்தில் இரண்டு நாள். 12 வயதுக்குக் கீழே நாலு தடவை 50 போதும்.

கைவீச்சை எண்ணவும் பழக்குங்கள். 25 மீற்றருக்கு 18 வீச்சு போடுகிற பிள்ளைக்கு 50இல் 36 வராது. இரண்டாவது பாதியில் சுவர் உதை இல்லாததால் 40ஐத் தாண்டும். இது முன்பே தெரிந்திருந்தால் பிள்ளை நடுவில் பயப்படமாட்டாள். லேன் கயிறு கழற்றும் நாள் கிடைத்தால் மூலைக்கு மூலை நீந்த விடுங்கள். 12.5 மீற்றர் அகலத் தடாகத்தில் அது கிட்டத்தட்ட 28 மீற்றர் வரும். கூடுவது மூன்று மீற்றர்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அதில் கொள்ளை ஆசை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 25 மீற்றர் நேரத்தோடு 50 மீற்றர் நேரத்தை ஒப்பிடவே வேண்டாம். 100 மீற்றர் ப்ரீஸ்டைலில் இரண்டு மூன்று விநாடி கூடுவது சாதாரணம். பிள்ளை நன்றாக நீந்திவிட்டு மூச்சு வாங்க மேலே வரும்போது, "என்ன, போன மாசத்தைவிட மெதுவா?" என்று கேட்காதீர்கள்.

குளிர்

உலக நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் போட்டித் தடாகத்துக்கு வைத்திருக்கும் அளவு 25 முதல் 28 பாகை செல்சியஸ். சூடேற்றாத மலைத் தடாகத்தில் விடியற்காலை அது கிடைப்பது அபூர்வம். குளிரில் தசை இறுகும், விரல் மரத்துத் தண்ணீரைப் பிடிக்காது. அதனால் தண்ணீருக்கு வெளியே கால் மணி நேரம்: கயிறு அடித்தல், கை சுழற்றல், தோளுக்கு ரப்பர் பட்டி. உடம்பு சூடானபின் இறங்கட்டும். இறங்கியபின் நிற்க வைத்து விளக்கம் சொல்லாதீர்கள், சொல்ல வேண்டியதைக் கரையிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, பல் கிட்டினாலோ, கேட்டதற்குப் பதில் குழறினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். துவட்டி, தொப்பி போட்டு, சூடான இஞ்சி பிளேன்டீ கொடுங்கள்.

"மலைப் பிள்ளைக்கு மூச்சுப் பலம் அதிகம், கொழும்பில் சுலபமாக வெல்லும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை நம்பி இருக்காதீர்கள். உயரத்தில் பயிற்சி எடுத்து இரத்தத்தில் பலன் தெரிய சுமார் 2,000 மீற்றர் உயரமும் வாரக் கணக்கில் அங்கேயே தங்கலும் வேண்டும். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர். நுவரெலியாவே 1,868தான்.

பெண் பிள்ளைகள்

இதை நிதானமாக வாசியுங்கள். 12, 13 வயதில்தான் எங்கள் கழகங்களில் பெண் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள். பெரியபிள்ளை ஆனதும் வீட்டில் தயக்கம் வரும்: உடை, ஆண்கள் பார்க்கிறார்கள், சொந்தக்காரர் என்ன சொல்வார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. அம்மாவைத் தடாகத்துக்கு அழைத்து வந்து உட்கார வையுங்கள். முழங்கால் வரை நீளும் போட்டி உடைக்குப் போட்டி விதியில் தடையே இல்லை என்று காட்டுங்கள். கரையில் ஏறியதும் போர்த்திக்கொள்ளத் துவாய் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். பயணத்துக்கு ஒரு பெண் பொறுப்பாளர் கட்டாயம். அவர் யார், எங்கே தூங்குவார்கள், யார் கதவைப் பூட்டுவார் என்பதுவரை அம்மாவிடம் சொல்லுங்கள். மாதவிடாய் நாளில் நீந்தலாமா என்று எந்தப் பிள்ளையும் வாய் திறந்து கேட்காது. நீங்களே முதலில் பேசுங்கள். உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக நீந்தலாம், டம்பொன் போன்றவற்றைப் பற்றி அம்மாவையும் வைத்துக்கொண்டு விளக்குங்கள், முடியாத நாளில் கரையில் உட்கார்ந்து நேரம் எடுக்க விடுங்கள். ஒரு வீட்டில் அம்மா சம்மதித்துவிட்டால் அந்தத் தோட்டத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் வருவார்கள்.

நீளக் கூந்தலுக்கும் ஒரு குறிப்பு: தேங்காயெண்ணெய் லேடெக்ஸ் தொப்பியை அரித்துக் கிழிக்கும். முதல் நாள் இரவே முழுகிவிட்டு, தாழ்வாகக் கொண்டை போட்டு, சிலிக்கோன் தொப்பி போடட்டும்.

கடைசி வாரங்கள்

14 வயதுக்கு மேலே, முக்கியப் போட்டிக்கு முன் இரண்டு வாரத்தில் தூரத்தைப் படிப்படியாகப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். சின்னவர்களுக்கு மூன்று நாலு நாள் லேசாக இருந்தாலே போதும். சித்திரை வருடப்பிறப்பும் மாத்தளைத் தேரும் பயிற்சிக் காலத்துக்குள்தான் விழும், நேர்த்திக்கு விரதம் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. விரத நாளில் கடும் பயிற்சி வைக்காமல் திருப்பமும் தொடுகையும் பழக்குங்கள். விலையுயர்ந்த வேக உடை சின்னப் பிள்ளைகளுக்குத் தேவையே இல்லை. நல்ல நீச்சல் கண்ணாடி இரண்டு இருந்தால் போதும், இரண்டையும் பயிற்சியில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இறங்கிப் போவது

முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். உடம்பு வெக்கைக்கு உண்மையில் பழக ஒன்று இரண்டு வாரம் வேண்டும், அது நமக்குக் கிடைக்காது. ஆகவே நிழலில் உட்கார வைப்பது, ஈரத் துவாய், சிறிது சிறிதாக அடிக்கடி தண்ணீர், இவைதான் வழி. குளிரில் வளர்ந்த பிள்ளைகள் தாகம் எடுத்தால்தான் குடிப்பார்கள், அதற்குள் தாமதமாகிவிடும். ஹட்டன் பக்கத்திலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்குபவர்களுக்கு வளைவில் வாந்தி வரும். வாந்தியோடு தண்ணீரும் உப்பும் போய்விடும் என்பதால் அப்படிப்பட்டவரை முன்சீட்டில் உட்கார வைத்து, லேசாகச் சாப்பிடக் கொடுத்து, இறங்கியதும் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். வழியில் நான் ஆழிக்குமரன் ஆனந்தன் கதை சொல்வேன். வல்வெட்டித்துறைக்காரர், 1971இல் பாக்கு நீரிணையைப் போகவர இரண்டு வழியும் 51 மணித்தியாலத்தில் நீந்தினவர். கேட்டுக்கொண்டே வளைவை மறந்துவிடுவார்கள்.

இரவு சோறு, பருப்பு, மீன். வழிக்கடைக் கொத்து வேண்டாம். காலையில் இடியப்பமும் சொதியும், நீந்த இரண்டு மணி நேரத்துக்கு முன். தடித்த தேங்காய் ரொட்டி பயிற்சி நாளுக்கு அருமை, போட்டிக் காலையில் வயிற்றில் கிடக்கும்.

போட்டி நாள்

அறிவிப்பு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும். தமிழ் மூலம் படிக்கும் பிள்ளைக்குத் தன் ஹீட் (தான் நீந்தும் குழுவின் முறை) எப்போது என்று தெரியாமல் போகலாம். ஈவென்ட், ஹீட், லேன் மூன்றையும் முன்கையில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். எழுதிக் காய்ந்தபின் சன்கிரீம், பூசின தோலில் மை பிடிக்காது. இலக்கங்களைச் சிங்களத்தில் சொன்னால் புரியும் அளவுக்கு இரண்டு வாரம் முன்பே பயிற்சியில் அப்படியே கூப்பிடுங்கள்.

விசிலையும் பழக்க வேண்டும். குட்டையாகப் பல விசில் வந்தால் தயார், நீளமாக ஒன்று வந்தால் மேடையில் ஏறவேண்டும். "டேக் யுவர் மார்க்ஸ்" கேட்டதும் குனிந்து அசையாமல் நிற்க வேண்டும். சத்தத்துக்கு முன் பாய்ந்தால் தகுதி நீக்கம், இரண்டாவது வாய்ப்பு இல்லை. ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ப்ளை இரண்டிலும் இரு கையும் ஒன்றாகச் சுவரைத் தொடவேண்டும். பயிற்சியில் ஒரு கையால் தொடுகிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சுற்றைத் திரும்ப நீந்த வையுங்கள். ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக் தவிர்ந்த மற்றவற்றில் 15 மீற்றருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும். பேக்ஸ்ட்ரோக் நீந்துபவர்கள் வோர்ம்-அப் நேரத்தில் கொடியிலிருந்து சுவருக்கு எத்தனை வீச்சு என்று புதுத் தடாகத்திலேயே எண்ணட்டும், போட்டி வேகத்தில்.

ரிலேயில் முந்தினவர் சுவரைத் தொடுவதற்குள் அடுத்தவரின் கால் மேடையை விட்டால் நால்வருக்கும் போச்சு. கடைசி வாரம் தினமும் பத்து நிமிடம் கைமாற்றம் மட்டும் பழக்குங்கள். மேடையில் நிற்பவர் வருபவரின் தலையைப் பார்க்காமல் கையைப் பார்க்க வேண்டும். யாராவது தகுதி நீக்கப்பட்டால் காரணத்தை அதிகாரியிடம் மரியாதையாகக் கேட்டு, நேரக் கொப்பியில் எழுதி, பிள்ளை அழுது முடித்தபின் சொல்லுங்கள். ஊர் திரும்பிய முதல் பயிற்சியில் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.