நெரிசல் நேரத்தில் ஸ்குவிட் திணறினால்

பயனருக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, பக்கங்களைக் கேஷில் சேமித்துத் தரும் ஸ்குவிட் ப்ராக்ஸி, கூட்டம் ஏறும்போது மட்டும் மந்தமாகிறதா? சிபியூவைச் சந்தேகிக்கும் முன், ஸ்குவிட் தன் எச்சரிக்கைகளை எழுதிவைக்கும் கேஷ் லாகைத் திறந்து பாருங்கள். ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் இணைப்புக்கும் சிஸ்டம் தரும் எண்) தீர்ந்துபோகிறது என்ற எச்சரிக்கை இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. லினக்ஸில் வழக்கமான வரம்பு 1024. கேஷில் இல்லாத பக்கத்தைக் கேட்டால் பயனருக்கு ஒன்று, வெளி சர்வருக்கு ஒன்று, டிஸ்கில் எழுத இன்னொன்று என்று மூன்று போய்விடும். சில நூறு இணைப்புகளிலேயே முட்டிக்கொள்ளும். சிஸ்டம் வரம்பு, ஸ்குவிட் வரம்பு இரண்டையும் உயர்த்துங்கள்.

அப்புறம் மெமரி. ‘கேஷ் மெம்’ என்பது பக்கங்களை ரேமில் வைத்திருக்க ஒதுக்கும் அளவு மட்டுமே; ஸ்குவிட் எடுக்கும் மொத்த ரேம் அல்ல. பலரும் ஏமாறுவது இங்கேதான். 64 பிட் கணினியில் டிஸ்க் கேஷின் ஒவ்வொரு ஜிபிக்கும், எது எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் இன்டெக்ஸ் மட்டுமே சுமார் 14 எம்பி ரேம் கேட்கும். ரேம் போதாமல் சிஸ்டம் டிஸ்கைப் பயன்படுத்தும் ஸ்வாப் ஏறத் தொடங்கினால் கேஷ் மெம்மைத் தயங்காமல் குறைத்துவிடுங்கள்.