பிஸ்மார்க் பெயரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, எப்படி எழுதுவது?

1871-ல் ஒன்றான ஜெர்மனியின் முதல் சான்சலர் ஓட்டோ வான் பிஸ்மார்க். ஆங்கிலத்தில் முழுப்பெயர் சொல்லும்போது மட்டும் 'வான்' வரட்டும், அப்புறம் வெறும் பிஸ்மார்க் போதும். 'வான் பிஸ்மார்க் சொன்னார்' என்று எழுதாதீர்கள், வரலாற்று நூல்களில் அப்படிப் பார்ப்பது அபூர்வம். ஆனால் இதையே எல்லோருக்கும் விதியாக்கிவிட முடியாது, பிரான்ஸின் முன்னாள் அதிபர் டி கோல் பெயரில் அந்த 'டி'யை வெட்டினால் தப்பு.

உச்சரிப்புதான் பலருக்கும் இடறுகிறது. ஜெர்மானியர்கள் 'வான்' என்பதை 'ஃபொன்' என்பார்கள், பிஸ்மார்க்கில் வரும் 'ஸ்' அவர்களிடம் நாம் 'பஸ்' என்பதில் சொல்வது போலவே காற்றாக வரும். ஆங்கிலத்தில் அது அதிரும். தொண்டையில் விரலை வைத்து 'பஸ்' என்று ஒரு முறையும், வேலையாக இருக்கிறேன் என்பதற்கு ஆங்கிலேயர் சொல்லும் 'பிஸி'யை ஒரு முறையும் சொல்லிப் பாருங்கள், இரண்டாவதில் அந்த 'ஸ' வரும்போதும் விரலில் அதிர்வு தெரியும், அதுதான் வேண்டும். அழுத்தம் முதல் அசையில். பிரிட்டனில் பெரும்பாலும் 'ர்' கேட்காது, 'மாக்' என்றே முடிப்பார்கள், அமெரிக்காவில் நன்றாகவே கேட்கும்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத் தலைநகருக்கும் 1873-ல் இவர் பெயரைத்தான் வைத்தார்கள், அதற்கும் இதே உச்சரிப்பு. எழுதும்போது கடைசியில் 'கே'வுக்கு முன் 'சி' உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.