எப்போதாவது மட்டும் வரும் டைம்அவுட்: எங்கே தேடுவது?

பத்து முறை திறந்தால் ஒன்பது முறை பக்கம் உடனே வருகிறது. பத்தாவது முறை சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு 504 பிழையை, அதாவது உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்ற அறிவிப்பை, காட்டுகிறது. நாம் சோதிக்க உட்காரும்போதோ எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது, டைம்அவுட் அளவை, அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்பை, 60 விநாடியிலிருந்து 300 ஆக்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நோய் அப்படியே இருக்கும். சிக்கிக்கொண்ட ஒவ்வொரு கோரிக்கையும் சர்வரை ஐந்து மடங்கு நேரம் பிடித்து வைத்திருக்கும்.

பார்வையாளரின் கோரிக்கையை வாங்கும் என்ஜின்எக்ஸும் (nginx), பிஹெச்பி ஸ்கிரிப்டுகளை ஓட்டும் பிஹெச்பி-எஃப்பிஎம்மும் (PHP-FPM) சேர்ந்து இயங்கும் சர்வரை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: எத்தனையாவது விநாடியில் அறுந்தது?

என்ஜின்எக்ஸின் லாக் (பதிவுக் கோப்பு) வடிவத்தில் இரண்டு அளவுகளைச் சேருங்கள்: கோரிக்கையின் மொத்த நேரம், பிஹெச்பி பதில் தர எடுத்த நேரம். பிழை வந்த வரியில் இரண்டுமே 60.001 போல இருந்தால், என்ஜின்எக்ஸ் பொறுமையிழந்து இணைப்பை அறுத்திருக்கிறது. அதன் இயல்பான காத்திருப்பு 60 விநாடி. மொத்த நேரம் மட்டும் அதிகமாக இருந்தால், பெரும்பாலும் பார்வையாளரின் இணைப்புதான் மெதுவாக இருக்கிறது.

படி 2: ஸ்கிரிப்ட் எந்த வரியில் நிற்கிறது?

பிஹெச்பியின் இயக்க நேர வரம்பு இயல்பாக 30 விநாடிதானே, பிறகு எப்படி 60 வரை ஓடியது என்று குழம்புவீர்கள். லினக்ஸில் அந்த வரம்பு ஸ்கிரிப்ட் தானாக உழைக்கும் நேரத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. தரவுத்தளத்தின் பதிலுக்கும் வெளிச் சேவையின் பதிலுக்கும் காத்திருக்கும் நேரம் அதில் சேராது. ஆகவே, வேலை செய்யாமல் காத்திருக்கும் ஸ்கிரிப்டை அந்த வரம்பு பிடிப்பதில்லை.

அதைப் பிடித்துத் தருவது எஃப்பிஎம்மின் மெதுவோட்ட லாக். 5 விநாடிக்கு மேல் போகும் கோரிக்கைகளைப் பதியும்படி அமையுங்கள். கோப்பின் பெயர், செயற்கூறு, வரி எண் எல்லாம் அதில் வந்துவிடும். அதன்பின் ஊகிக்க வேண்டியதில்லை.

அந்த வரியில் கர்ல் (வெளிச் சேவையோடு பேசும் கருவி) அழைப்பு இருந்தால் அதற்கு நேர வரம்பு கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கொடுக்காதவரை, பதிலுக்குக் காத்திருப்பதற்கு அது எல்லையே வைத்துக்கொள்வதில்லை. தரவுத்தள வினவல் இருந்தால், அந்த வினவலுக்கு இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) பயன்படுகிறதா என்று சோதியுங்கள்.

படி 3: ஆள் போதவில்லையா?

ஒரு பக்கத்தின் தாமதம் சம்பந்தமே இல்லாத முகப்புப் பக்கத்தையும் முடக்குவது ஆள் பற்றாக்குறையால்தான். பல நிறுவல்களில் எஃப்பிஎம் ஒரே நேரத்தில் 5 பணியாளர்களை (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் செயல்முறைகளை) மட்டுமே வைத்திருக்கும். ஒரு கோரிக்கைக்கு 0.2 விநாடி ஆனால், விநாடிக்கு 25 கோரிக்கைகளை அவர்கள் முடித்துவிடுவார்கள். வெளிச் சேவை ஒன்று 20 விநாடி தாமதிக்கும்போது ஐந்து பேர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும், பின்னால் வருபவர்கள் அனைவரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். எஃப்பிஎம் லாக்கில் பணியாளர் உச்சவரம்பை எட்டியதாக எச்சரிக்கை இருக்கும். எண்ணிக்கையை உயர்த்தலாம், ஆனால் நினைவகத்தைக் கணக்கிட்ட பிறகே. பணியாளர் ஒருவருக்கு 60 எம்பி, பிஹெச்பிக்கென்று 2 ஜிபி என்றால் ஏறக்குறைய 30 பேர் வரை தாங்கும்.

படி 4: செஷன் பூட்டு

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது இதுதான். ஒரு பயனர் மட்டும் எந்தப் பக்கமும் வரவில்லை என்றார், மற்றவர்களுக்குத் தடையில்லை. அவர் ஒரு தாவலில் பெரிய அறிக்கையை ஓடவிட்டு, இன்னொரு தாவலில் வேலையைத் தொடர்ந்திருக்கிறார். பிஹெச்பி செஷனை (ஒரு பயனரின் உள்நுழைவு போன்ற விவரங்களை) கோப்பில் வைக்கும்போது, முதல் ஸ்கிரிப்ட் முடியும்வரை அந்தக் கோப்பைப் பூட்டிவைக்கும். அதே பயனரின் அடுத்த கோரிக்கை அங்கேயே நிற்கும்.

சோதிப்பது எளிது. தொங்கும் நேரத்தில் அதே பக்கத்தை உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில், அதே கணக்கில் நுழைந்து திறந்து பாருங்கள். அங்கே செஷன் வேறு என்பதால், உடனே வந்தால் பூட்டுதான் காரணம். செஷனில் எழுத வேண்டியதை எழுதி முடித்ததும், நீண்ட வேலை தொடங்கும் முன்பே அதை மூடிவிடும்படி ஸ்கிரிப்டைத் திருத்துங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முன்பு பிழை வந்த அதே நெரிசல் நேரம் ஒருமுறை கடந்த பிறகு, படி 1இல் சேர்த்த அந்த இரண்டு எண்களை மறுபடியும் பாருங்கள்.