பனிமலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

குல்மார்க்கில் ஒரு காலை, எங்கள் வழிகாட்டி இடுப்பளவு ஆழத்துக்குப் பனியில் குழி வெட்டினார். மேலே ஓர் அடிக்குப் புதுப் பனி, மெத்தென்று. அதன் கீழே, முட்டியால் குத்தினால் வலிக்கிற அளவுக்கு இறுகிப் பலகை போல ஓர் அடுக்கு. அதற்கும் கீழே, தரையை ஒட்டி, கல் உப்பு மாதிரிப் பெரிய பெரிய பரல்கள். அதில் ஒரு கை அள்ளி என்னிடம் கொடுத்து, உருண்டை பிடிக்கச் சொன்னார். பிடிக்க வரவில்லை. விரலிடுக்கில் சீனியாகக் கொட்டியது. இந்தச் சீனியின் மேல்தான் அந்தப் பலகை உட்கார்ந்திருக்கிறது, பலகையின் மேல் நாம் நிற்கிறோம், சீனி நொறுங்கினால் பலகை சறுக்கிப் பனிச்சரிவாக இறங்கும் என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் அந்தச் சரிவில் நாங்கள் அன்று இறங்கவில்லை.

இப்போது தமிழ்நாட்டிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் கேதார்காந்தாவுக்கும் மணாலிக்கும் குல்மார்க்குக்கும் சிக்கிமுக்கும் நிறையப் பேர் போகிறார்கள். போகட்டும், அவ்வளவு அழகு வேறெங்கும் இல்லை. ஆனால் பனியையே பார்க்காமல் வளர்ந்தவர்கள் நாம். மழை, வெள்ளம், புயல் என்றால் உடம்பே எச்சரித்துவிடும். பனி விஷயத்தில் அந்த உள்ளுணர்வு நமக்கு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பனிச்சரிவு எங்கிருந்தோ வந்து விழுகிறது என்று நினைப்பது

முதல் தவறு இதுதான், மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இடி மாதிரி அது யார் தலையில் வேண்டுமானாலும் விழும், நம் கையில் எதுவுமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மலையேறிகளும் பனிச்சறுக்கு வீரர்களும் சிக்கிய விபத்துகளை ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு. பத்தில் சுமார் ஒன்பது விபத்துகளில் பனிச்சரிவைக் கிளப்பிவிட்டது சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான். பலகை போன்ற அடுக்கின் மேல் ஓர் ஆள் கால் வைக்கிறார். அடியில் இருக்கும் சீனிப் பரல்கள் அந்த எடையில் நொறுங்குகின்றன. நொறுங்கல் பக்கவாட்டில் கண் இமைக்கும் நேரத்தில் பரவி, பலகை முழுவதும் பிடி விட்டு இறங்குகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை அது சில நொடிகளில் எட்டிவிடும். ஓடித் தப்பிப்பது நடக்காத காரியம்.

பனி இப்படிச் சரிய, மலைப்பக்கத்துக்கு ஒரு சாய்வு வேண்டும். பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை. நம் வீட்டு மாடிப்படியின் சாய்வே ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். ஆக, மாடிப்படி அளவுக்கோ அதைவிடச் செங்குத்தாகவோ உள்ள, பனி மூடிய எந்த இடத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள். சாய்வை அளக்க ஃபோனிலேயே செயலிகள் இருக்கின்றன. கண் மதிப்பை நம்பாதீர்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு மாதிரியும் கீழிருந்து பார்த்தால் வேறு மாதிரியும் தெரியும்.

நாம் நடப்பது சமதளம்தானே என்பதும் போதாது. தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இருந்தால், இறங்குகிற பனி அந்தச் சமதளத்தில்தான் வந்து நிற்கும். ஓடைப்பள்ளங்கள் இன்னும் மோசம், அங்கே கொஞ்சம் பனி விழுந்தாலும் ஆளை ஆழமாக மூடிவிடும். அப்புறம், சத்தம் போட்டால் பனி சரியும் என்பது கட்டுக்கதை. மனிதக் குரலுக்கு அந்தப் பலம் கிடையாது, கால்களுக்குத்தான் உண்டு.

இன்றைய வானத்தை மட்டும் பார்ப்பது

வடமேற்கு இமயத்தில் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும் ‘மேற்கத்திய இடையூறு’ என்கிற காற்றுச் சுழற்சி. டிசம்பர் முதல் மார்ச் வரை ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டு மூன்று நாள் கொட்டித் தீர்க்கும், பிறகு வானம் பளிச்சென்று வெளுக்கும். விடுதி அறையில் அடைந்து கிடந்த எல்லோரும் அன்று வெளியே பாய்வார்கள். ஆபத்து உச்சத்தில் இருப்பது பல நேரம் அந்த முதல் வெயில் நாளில்தான். புதுப் பனியின் எடை அப்போதுதான் ஏறியிருக்கிறது, அது இன்னும் கீழடுக்கோடு ஒட்டவில்லை, அதன் மேல் வெயிலும் அடிக்கிறது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்போமே, பனிமலையில் பனி விட்டாலும் ஆபத்து விடாது.

காற்றையும் மறக்காதீர்கள். வானிலிருந்து ஒரு துளி பனி விழாவிட்டாலும், பலத்த காற்று மலையின் ஒரு பக்கத்துப் பனியை வழித்தெடுத்து மறுபக்கத்தில் குவிக்கும். இயல்பான பனிப்பொழிவைவிடப் பல மடங்கு வேகத்தில் குவிக்கும். மலைமுகட்டில் தாழ்வாரம் மாதிரி பனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், காற்று எந்தப் பக்கம் சுமையை இறக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தாழ்வாரம் நீட்டுகிற பக்கத்துக்குக் கீழே போகாதீர்கள். படம் எடுக்க அதன் விளிம்பில் போய் நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். கீழே தாங்க எதுவுமே இல்லாத பனி அது.

பனி குறைவாக இருக்கிறது, அதனால் பயமில்லை என்று சொல்வதும் தவறு. வழிகாட்டி என் கையில் கொட்டிய அந்தச் சீனி எப்படி உருவானது? பருவத் தொடக்கத்தில் மெல்லிய பனிப்போர்வை விழுகிறது. தரை ஓரளவு கதகதப்பாக இருக்கிறது, மேலே இரவுக் காற்றோ எலும்பைத் துளைக்கும் குளிர். சில சாண் உயரத்துக்குள் இவ்வளவு வெப்ப வேறுபாடு இருந்தால், பனிக்குள்ளேயே நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத பரல்களாக மாற்றிவிடும். பனி ஆழமில்லாமல், குளிர் கடுமையாக, வானம் தெளிவாக இருந்தால் இது வேகமாக நடக்கும். லடாக் போன்ற வறண்ட குளிர்ப் பகுதிகளில் இது சகஜம். டிசம்பரில் உருவான பரல் அடுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், புதுப் பனிக்கு அடியில் காத்திருக்கும். அதனால், இன்று வெயிலா மழையா என்று கேட்டால் போதாது. இந்தக் குளிர்காலம் முழுவதும் இங்கே என்ன நடந்தது என்று உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள்.

ஃபோன் காட்டும் வானிலையை நம்பிக் கிளம்புவது

ஃபோனில் மணாலி என்று தட்டினால் வருவது ஊரின் வெப்பநிலை. ஊர் சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ரோதாங் கணவாய் 3,978 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், ஊரில் 2 டிகிரி என்றால் மேலே சுமார் மைனஸ் 10. அங்கே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசினால், தோலுக்கு அது மைனஸ் 21 போல இருக்கும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

சீசன் நல்ல சீசன் என்று கண்ணை மூடிக்கொண்டு போவதற்கு ஒரு பாடம், நம் வங்கக்கடலிலிருந்தே கிளம்பியது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதன் மிச்சம் வடக்கே போய், இரண்டு நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத் தோராங் லா கணவாயையொட்டி 40-க்கும் மேற்பட்டோர் பனிப்புயலிலும் பனிச்சரிவிலும் இறந்தார்கள். அக்டோபர் அங்கே மலையேற்றத்துக்கு மிகச் சிறந்த மாதம் என்று பெயர் பெற்றது. இமயத்துக்குப் போகும் வாரத்தில் வங்கக்கடலில் ஏதாவது சுழன்றுகொண்டிருந்தால் அதையும் கவனியுங்கள்.

எச்சரிக்கையை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்வது

இந்தியாவில் பனிச்சரிவு முன்னறிவிப்பைத் தருவது, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ ஆய்வகம். எந்த மாவட்டத்தில், எத்தனை மீட்டருக்கு மேல், அடுத்த 24 மணி நேரத்தில் எவ்வளவு ஆபத்து என்று சொல்வார்கள். 2025 பிப்ரவரி 27 மாலை, சமோலி உள்ளிட்ட உத்தராகண்ட் மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேல் ஆபத்து என்று எச்சரிக்கை வந்தது. மறுநாள் விடிகாலையில், பத்ரிநாத்தை அடுத்த மானா அருகே, சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் இருந்த எல்லைச் சாலைத் தொழிலாளர் முகாம் மீது பனி இறங்கியது. 54 பேர் சிக்கினார்கள். 46 பேர் பிழைத்தார்கள், 8 பேர் இறந்தார்கள். அந்தத் தொழிலாளர்கள் பிழைப்புக்காக அங்கே இருந்தவர்கள். ஊர் சுற்றப் போகிற நமக்கு அறையிலேயே உட்கார்ந்திருக்க முடியும், அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்வோம்.

பல நாடுகளில் ஆபத்தை 1 முதல் 5 வரை அளக்கிறார்கள். நடுவில் இருக்கும் 3 பாதி ஆபத்து, பரவாயில்லை என்று தோன்றும். ஐரோப்பாவில் இறப்புகளில் பெரும்பகுதி அந்த 3-இல்தான் நிகழ்கிறது. 5 என்றால் யாரும் வெளியே போவதில்லை, 3 என்றால் எல்லோரும் போகிறார்கள்.

சிக்கிமில் 2023 ஏப்ரல் 4 அன்று, காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில் 15-ஆவது மைல் அருகே 7 சுற்றுலாப் பயணிகள் பனிச்சரிவில் இறந்தார்கள். அன்று அனுமதி 13-ஆவது மைல் வரைதான் என்று அதிகாரிகள் சொன்னார்கள். இன்னும் இரண்டு மைல் போனால் பனியில் விளையாடலாம் என்று ஓட்டுநரை நச்சரிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து அதை விடுங்கள்.

அனுபவசாலி கூட இருக்கிறார் என்ற தைரியம்

2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா–2 சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன, இரண்டு பேர் கிடைக்கவேயில்லை. இறந்தவர்களில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட், மகாலு இரண்டிலும் ஏறியவர். அவரைப் பற்றி எழுதும்போது கை கனக்கிறது. நம்மோடு வருபவர் எத்தனை சிகரம் தொட்டவர் என்பது பனிக்குத் தெரியாது.

இன்னொரு பக்கம், நம் ஆட்களின் நெருக்கடி. எட்டு நாள் லீவு, திரும்ப டிக்கெட் போட்டாயிற்று, இவ்வளவு தூரம் வந்துவிட்டு எப்படித் திரும்புவது? குழுவில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் வாயைத் திறக்க மாட்டார். எங்கள் குழுவில் ஊரிலிருந்து கிளம்பும்போதே பேசி வைப்போம்: யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்புவது, ஏன் என்று கேட்கக் கூடாது. திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டுவைத்தால் பாதி நெருக்கடி தீர்ந்துவிடும். முன்னால் போனவர்களின் காலடித் தடமும் சான்று ஆகாது. பத்து பேரைத் தாங்கிய சரிவு, பதினோராவது ஆள் மிதிக்கும் மெல்லிய இடத்தில் உடையலாம்.

பனி பேசும்போது நடந்துகொண்டே இருப்பது

காலடியில் ‘தொம்’ என்று அமுங்கும் சத்தம், பாதத்திலிருந்து கோடு போல ஓடும் விரிசல், எதிர்ச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம். இதில் ஒன்று இருந்தாலும் வந்த வழியே திரும்புங்கள். கோடை நெருங்கும்போது, விடியும் முன் கிளம்பி உச்சி வெயிலுக்குள் இறங்கிவிடுங்கள். சந்தேகமான இடத்தைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். கூட்டமாகக் கடந்தால் தோண்டி எடுக்கக்கூட ஆள் மிஞ்சாது.

யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று நம்புவது

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் காவல் முகாம் பனிச்சரிவில் புதைந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் முகாம் அது, இறந்த 10 பேரில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்ததும், நாடே அவருக்காக வேண்டிக்கொண்டதும், 11-ஆம் தேதி அவர் போய்ச் சேர்ந்ததும் நினைவிருக்கும். அவர் அத்தனை நாள் தாக்குப்பிடித்தது மிக மிக அபூர்வம். மூச்சுவிடக் கொஞ்சம் காற்றிடம் உள்ளே இருந்ததால்தான் அதுவும் நடந்தது. பொதுக் கணக்கு கொடூரமானது: முழுவதும் புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கலாம், 35 நிமிடம் ஆனால் மூன்று பேர்தான். ஹெலிகாப்டர் அதற்குள் கிளம்பியிருக்கவே இருக்காது. பக்கத்தில் நிற்கும் நண்பர்தான் மீட்புப் படை.

அதனால் பாதையை விட்டு விலகி ஆழ்பனியில் போகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் இருந்தாக வேண்டும்: புதைந்தவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பவும் பிடிக்கவும் செய்யும் டிரான்ஸ்சீவர், பனியைக் குத்திப் பார்க்கும் நீள மடக்குக் கம்பி, தோண்ட உலோக ஷவல். டிரான்ஸ்சீவர் பைக்குள் அல்ல, உடம்பில் மாட்டி, ஆன் செய்து, ஃபோனிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். சரிந்து நின்ற பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், கையால் தோண்ட முடியாது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டால் பெரிய பயன் இல்லை.

வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், பழகாமல் போகாதீர்கள். போன முறை கிளம்பும் முன் நாங்கள் நான்கு பேர் விடிகாலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். ஒரு டிரான்ஸ்சீவரைத் துணிப்பையில் சுற்றி, மற்றவர்கள் திரும்பி நிற்க, மணலில் முழங்கை ஆழத்தில் புதைத்தோம். முதல் முறை தேடிக் கண்டுபிடிக்க 11 நிமிடம் ஆனது. தோண்டும் நேரம் அதில் சேரவில்லை. மூன்றாம் நாள் நான்கு நிமிடத்துக்குக் கொண்டுவந்தோம்.