நாவல்பழச் சாயத்தில் ஒரு சூரிய மின்கலம்

நாவல்பழம் தின்றால் நாக்கை ஊதாவாக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமிதான் இந்தக் கலத்தில் வெளிச்சத்தைப் பிடிக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் மைக்கேல் கிராட்செலும் பிரையன் ஓ'ரீகனும் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட கலத்தின் எளிய வடிவம் இது. அவர்கள் போட்டது ருத்தேனியம் என்ற உலோகம் சேர்ந்த சாயம், நாம் போடுவது பழச்சாறு.

1. எஃப்.டி.ஓ (மின்சாரம் கடத்தும், ஒளி ஊடுருவும் டின் ஆக்சைடு படலம்) ஒரு பக்கம் பூசிய கண்ணாடித் துண்டுகள் இரண்டு வேண்டும். மின்சாரம் கடத்தும் பக்கம் கண்ணுக்குத் தெரியாது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2. நானோ டைட்டானியம் டை ஆக்சைடு தூள் 6 கிராம் எடுத்து, வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பெயின்ட் பதம் வரும்வரை கல்வத்தில் அரையுங்கள். மொத்தம் 9 மில்லி போதும். முகக்கவசம் அவசியம். முதல் கண்ணாடியின் கடத்தும் பக்கத்தில் மூன்று ஓரமும் செலோ டேப் ஒட்டி, கண்ணாடிக் கம்பியால் விழுதை ஒரே இழுப்பில் பரப்புங்கள். காய்ந்ததும் டேப்பை எடுத்துவிடலாம்.

3. 450 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சுட வேண்டும். வீட்டு அடுப்பு பத்தாது, கல்லூரி ஆய்வகச் சூளையைக் கேளுங்கள். சூளையிலேயே மெதுவாக ஆறட்டும். அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

4. இனிதான் முக்கியமான வேலை. பழத்தைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து வடிகட்டி, அந்தச் சாற்றில் பூச்சை ஊறவிடுங்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை தெரியக்கூடாது. நிறம் அடர்த்தியாக இருந்தால் மட்டும் போதாது, சாயம் ஒட்ட வேண்டும். நாவல்பழத்திலுள்ள டெல்பினிடின் போன்ற சாய மூலக்கூறுகளில் அடுத்தடுத்து நிற்கும் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் டைட்டானியத்தைப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடி வழியாகத்தான் ஒளிபட்ட எலக்ட்ரான் பூச்சுக்குள் தாவும். தண்ணீரிலும் அப்புறம் ஆல்கஹாலிலும் கழுவி உலர்த்துங்கள். கழுவியும் போகாத நிறம்தான் நமக்கு வேலை செய்யும்.

5. இரண்டாவது கண்ணாடியின் கடத்தும் பக்கத்தில் மெழுகுவர்த்திக் கரி பிடியுங்கள். இரண்டையும் முகத்துக்கு முகம் ஒட்டி, ஓரங்கள் மட்டும் சற்றே வெளியே நீட்டும்படி தள்ளி வைத்து, பைண்டர் கிளிப் போடுங்கள். எத்திலீன் கிளைக்காலில் கரைத்த அயோடின், பொட்டாசியம் அயோடைடு கரைசலில் இரண்டு சொட்டு ஓரத்தில் விட்டால் தானே உள்ளே ஏறும். எலக்ட்ரானை இழந்த சாயத்துக்கு அதைத் திருப்பித் தருவது இதுதான். எத்திலீன் கிளைக்கால் விஷம், கையுறை போடுங்கள்.

6. சாயப் பக்கம் வெயிலைப் பார்க்கட்டும். அதுதான் எதிர்மின்முனை. 0.3 முதல் 0.5 வோல்ட் வரை வந்தால் கலம் சரி. ஒற்றைக் கலத்தில் எல்இடி எரியாது. சிவப்பு எல்இடிக்கே 1.8 வோல்ட் போல வேண்டும். பழச்சாயக் கலத்தின் திறன் பெரும்பாலும் 1 சதவீதத்தைக்கூடத் தொடாது. வோல்ட் இறங்கினால் முதலில் கரைசல் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து இன்னொரு சொட்டு விடுங்கள்.